வேப்பமர மேசையின் மேற்பலகை பிளந்துவிட்டது: பிழை மரத்திலா, என் வேலையிலா?

மொட்டைமாடிப்பட்டறை:

வணக்கம். திருச்சியில் அடுக்குமாடி வீடொன்றில் குடியிருக்கிறேன். மூன்றாண்டுகளாக விடுமுறை நாள்களில் மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியின் நிழலில் மரவேலை பழகி வருகிறேன். இதுவரை இரண்டு முக்காலிகளும் ஒரு செருப்பு அலமாரியும் செய்திருக்கிறேன். அவை இன்னும் நிற்கின்றன என்பதைத் தவிர அவற்றைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான்காவதாகச் செய்த மேசைதான் என்னை இங்கே எழுத வைத்திருக்கிறது.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது, பட்டுக்கோட்டைக்கு அருகே எங்கள் ஊர் வீட்டுக் கொல்லையில் நின்ற வேப்பமரம் வேரோடு சாய்ந்தது. அதை விறகுக்கு விற்க அம்மா சம்மதிக்கவில்லை. அடிமரத்தைப் பட்டையோடு மாட்டுக்கொட்டகைக்குள் உருட்டிப் போட்டோம். 2023 ஆடி மாதம்தான் அதை மில்லுக்குக் கொண்டுபோய் ஒன்றேகால் அங்குலப் பலகைகளாக அறுத்து வாங்கினேன். ஐந்தாண்டு கிடந்த மரமாயிற்றே, நன்றாகக் காய்ந்திருக்கும் என்று நம்பி, ஐப்பசியில் வேலையைத் தொடங்கிக் கார்த்திகை தீபத்தன்று மகளுக்கான படிப்பு மேசையை முடித்தேன்.

மேற்பலகையின் நீளம் 48 அங்குலம், அகலம் 24 அங்குலம். ஆறு அங்குல அகலமுள்ள நான்கு பலகைகளின் ஓரங்களை இழைத்து, ஃபெவிகால் தடவி, கிளாம்ப் போட்டு ஓர் இரவு முழுவதும் அப்படியே விட்டுவைத்தேன். பிறகு அடிச்சட்டத்தின் நான்கு பக்கமும் ஃபெவிகால் தடவி, மேற்பலகையை அதன்மேல் வைத்து, கீழிருந்து பன்னிரண்டு ஸ்க்ரூக்களை முறுக்கினேன். பார்வைக்குத் தெரியும் மேல்புறத்துக்கு மட்டும் மூன்று கோட் வார்னிஷ் அடித்தேன்.

தையும் மாசியும் ஒரு குறையுமில்லாமல் போயின. பங்குனியில் மகளின் அறையில் ஏசி ஓடத் தொடங்கியது. சித்திரை இரண்டாம் வாரம், நள்ளிரவில் ஏதோ முறிந்ததுபோல ஓசை கேட்டு மகள் எழுந்து விளக்கைப் போட்டிருக்கிறாள். மேசையின் இடது ஓரத்திலிருந்து இருபது அங்குல நீளத்துக்கு மேற்பலகை பிளந்திருக்கிறது. இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களைச் சேர்த்துப் பிடித்தால் வாய்ப்பகுதியில் உள்ளே போகின்றன. எனக்கு விளங்காதது என்னவென்றால், ஒட்டிய இடம் எதுவும் விடவில்லை. ஒட்டுக்கு அரை அங்குலம் தள்ளி மரமே பிளந்திருக்கிறது. போதாக்குறைக்கு, அதே பலகையின் வெளிறிய ஓரத்தில் ஊசிமுனை அளவுத் துளைகள் சிலவும், அவற்றுக்கு நேர்கீழே தரையில் மைதா போன்ற தூளும் தென்படுகின்றன.

பிளவுக்குக் காரணம் மரமா, நானா? மேசையைக் காப்பாற்ற முடியுமா? ஊர் வீட்டுச் சிமெண்டுத் தரையில் இன்னும் ஆறு பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கின்றன. அவற்றை என்ன செய்வது? கருவிகளைப் பற்றிக் கேட்பீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன்: கைவசம் இருப்பவை ஒரு டிரில், ஓர் இழைப்புளி, மூன்று உளிகள், ஆங்கிள் கிரைண்டர். கிரைண்டரில் மரம் அறுக்கும் பிளேடை மாட்டித்தான் பலகைகளை நீளவாக்கில் கிழித்தேன்.

இழைப்புளி:

ஒட்டு விடாமல் மரம் பிளந்திருப்பது உங்கள் கேள்விக்குப் பாதி விடையைத் தந்துவிடுகிறது. ஓரத்தை நீங்கள் ஒழுங்காக இழைத்திருக்கிறீர்கள், பசையும் பிடித்திருக்கிறது. சுருங்க விரும்பிய பலகையைச் சுருங்க விடாமல் அடிச்சட்டத்தோடு கட்டிப்போட்டதால், இருப்பதிலேயே பலவீனமான நார்வரிசை வழியாக அது விட்டுக்கொடுத்திருக்கிறது.

மரம் ஈரத்தை இழக்கும்போது நீளவாக்கில் சுருங்குவது பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு. சுருக்கமெல்லாம் அகலவாக்கில்தான். அதிலும், ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்குவது நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. உங்கள் மேற்பலகையின் நார் 48 அங்குல நீளத்தில் ஓடுகிறது. இரு பக்கங்களிலும் உள்ள குட்டைச் சட்டங்களின் நாரோ அதற்குக் குறுக்காக, 24 அங்குல அகலத்தின் போக்கில் ஓடுகிறது. மேற்பலகை அகலத்தில் சுருங்க வேண்டும், சட்டம் அந்தத் திசையில் அசையவே அசையாது, இரண்டையும் பசையும் பன்னிரண்டு ஸ்க்ரூக்களும் பிடித்திருக்கின்றன.

எவ்வளவு சுருங்கும் என்பதைத் தோராயமாகக் கணக்கிடலாம். குறைவாகச் சுருங்கும் மரம் என்று பெயரெடுத்த தேக்குகூட, பச்சை நிலையிலிருந்து முழுக்க உலரும்வரை வளையப் போக்கில் நூற்றுக்கு ஐந்தரை அளவுக்குச் சுருங்கும். ஈரப்பதம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் இந்தச் சுருக்கம் தொடங்குகிறது. ஆகவே ஒவ்வொரு சதவீத ஈரத்துக்கும் 0.2 சதவீதச் சுருக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். அடைமழைக் காலத்தில், சரியாகக் காயாத பலகையில், 18 சதவீத ஈரத்தோடு மேசையைச் செய்து, ஏசி அறையில் அது 10 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால், 610 மில்லிமீட்டர் அகலத்தில் கிட்டத்தட்ட 10 மில்லிமீட்டர் குறைய வேண்டும். வேம்பு இந்த விஷயத்தில் தேக்கைவிட நல்ல பிள்ளை அன்று. ஒரு சென்டிமீட்டர் சுருங்க இடம் கேட்ட பலகைக்கு நீங்கள் இடமே தரவில்லை.

மேல்புறத்துக்கு மட்டும் வார்னிஷ் அடித்ததும் தவறு. வார்னிஷ் ஈரத்தை நிறுத்தாது, அதன் வேகத்தைக் குறைக்கும். ஒரு பக்கம் மூடியும் மறுபக்கம் திறந்தும் இருந்தால் இரு பக்கங்களும் வெவ்வேறு வேகத்தில் காய்ந்து பலகை குழிந்துபோகும். கண்ணுக்குத் தெரியாத அடிப்புறத்துக்கும் அதே எண்ணிக்கையில் கோட் கொடுங்கள்.

மேசையைக் காப்பாற்றலாம். ஸ்க்ரூக்களைக் கழற்றிவிட்டு, ஒட்டிய இடத்தின்மேல் ஈரத்துணியைப் போட்டு இஸ்திரிப்பெட்டியால் சூடு காட்டினால் வெள்ளைப் பசை இளகும். அப்போது மெல்லிய பட்டைக்கத்தியை நுழைத்து நெம்பிக்கொண்டே போக வேண்டும். வார்னிஷ் கெடும், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பிளவில் மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்து அடைக்கும் யோசனையைப் பலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். மழைக்காலத்தில் பலகை விரியும்போது அந்த அடைப்பே ஆப்பாக மாறி வேறோர் இடத்தில் பிளக்கும். பிளவின் வழியே பலகையை முழு நீளத்துக்கும் வெட்டிப் பிரித்து, இரண்டு ஓரங்களையும் இழைத்து, புதிதாக ஒட்டுங்கள். அகலத்தில் அரை அங்குலம் போகும், அவ்வளவுதான்.

திரும்பப் பொருத்தும்போது பசை ஒரு சொட்டும் வேண்டாம். முன்பக்க நீளச் சட்டத்தில் மட்டும் ஸ்க்ரூக்களை அசையாமல் முறுக்குங்கள். மற்ற சட்டங்களின் உட்புறத்தில், மேல்விளிம்புக்கு அரை அங்குலம் கீழே ஒரு காடி (நீளவாக்கில் ஒடுங்கிய பள்ளம்) எடுத்து, எல் வடிவில் செதுக்கிய சிறு மரத்துண்டுகளின் நாக்கை அந்தக் காடிக்குள் நுழைத்து, துண்டின் மறுமுனையை மட்டும் மேற்பலகையோடு ஸ்க்ரூ போட்டுப் பிடியுங்கள். பின்சட்டத்தில் உள்ள துண்டுகள் முன்னும் பின்னும் நகர ஏழெட்டு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். முன்விளிம்பு நின்ற இடத்திலேயே நிற்கும். விரிவும் சுருக்கமும் சுவர்ப்பக்கமாகப் போய்விடும்.

மீதி ஆறு பலகைகளைத் தொடுவதற்கு முன் அவற்றின் ஈரத்தை அளந்துவிடுங்கள். கருவி வாங்கத் தேவையில்லை. பலகையின் முனை எப்போதும் நடுப்பகுதியைவிடக் காய்ந்திருக்கும் என்பதால், முனையிலிருந்து ஓரடிக்குமேல் தள்ளி, ஓர் அங்குல அகலத்துக்கு ஒரு குறுக்குத்துண்டு வெட்டுங்கள். சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்துக்கொண்டு, கேக் செய்யும் ஓவனில் 100 டிகிரி செல்சியசுக்குச் சற்று மேலே வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை இறங்குவது நின்றதும் கணக்குப் போடலாம்: குறைந்த எடையை உலர்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஈரப்பதம் கிடைக்கும். ஓவனை ஓட விட்டுவிட்டுக் கடைக்குப் போய்விடாதீர்கள்.

கொட்டாப்புளி:

என் தந்தை ஆசாரி. நான் தொழிலுக்கு வரவில்லை, கணக்கு எழுதும் வேலைக்குப் போய்விட்டேன். அதனால் நான் சொல்வதில் பாதி பார்த்தது, மீதி திட்டு வாங்கித் தெரிந்துகொண்டது.

ஐந்தாண்டு கிடந்ததால் மரம் காய்ந்திருக்கும் என்ற நம்பிக்கைதான் முதல் பிசகு. பட்டையோடு முழு உருளையாகக் கிடக்கும் அடிமரம் இரண்டு முனைகளிலும்தான் காயும். நடு உடம்பு சிறிது சிறிதாகத்தான் ஈரத்தை விடும். முனைகள் முந்திக் காய்ந்து நட்சத்திரம்போல வெடிக்கும், பட்டைக்கடியில் வண்டு குடியேறும். மரம் விழுந்ததும் பட்டையை உரித்து, முனைகளுக்குப் பழைய பெயின்டையாவது பூசி, கூடிய விரைவில் பலகையாக அறுத்துவிட வேண்டும். அறுத்த பிறகுதான் காயவைக்கும் கணக்கே தொடங்குகிறது. ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது குளிர்நாட்டுப் பழக்கம். நம் ஊர் வெயிலில் அவ்வளவு காலம் ஆகாது. அதற்காக வெயிலில் நேரடியாகப் போட்டுவிடக் கூடாது, முறுக்கிக்கொள்ளும்.

எங்கள் ஊரில் மாமரத்தையும் பனையையும் அறுப்பதற்கு முன் குளத்தில் மாதக்கணக்கில் ஊறப்போடுவார்கள். சின்ன வயதில் அந்தக் கட்டைகளின்மேல் ஏறி நின்று குதித்து நீந்துவோம்; தண்ணீரில் வரும் புளித்த வாடையை இன்றும் நினைவு வைத்திருக்கிறேன். மரத்துக்குள் இருக்கும் மாவுச்சத்தும் இனிப்பும் கரைந்து வெளியேறிவிட்டால் பூச்சிக்கு உண்ண ஒன்றும் மிஞ்சாது என்பதுதான் அதன் பொருள். உங்கள் பலகையின் வெளிறிய ஓரம் வெள்ளை, சிவந்த பகுதி வைரம். வேம்பு கசக்கும், ஆகவே உளுக்காது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது வைரத்துக்கு ஓரளவு பொருந்தும், வெள்ளைக்குப் பொருந்தாது. எந்த மரமானாலும் வெள்ளை உளுக்கும்.

துளைக்கு நேர்கீழே ஒரு கறுப்புத்தாளை விரித்து வைத்து இரண்டு வாரம் பாருங்கள். புதிதாக மாவு விழாவிட்டால் வண்டு வெளியேறிய பழைய துளை, விட்டுவிடலாம். விழுந்தால், எப்படியும் பலகையை வெட்டிப் பிரிக்கப் போகிறீர்கள், அந்த வெள்ளையை அடியோடு கிழித்து எறிந்துவிட்டு வேறு துண்டு சேருங்கள். மீதிப் பலகைகளில் உள்ள வெள்ளைக்கு, போராக்சும் போரிக் அமிலமும் வெந்நீரில் கரைத்து இரண்டு மூன்று முறை தாராளமாகப் பூசலாம். ரப்பர் மரப்பலகைகளை ஆலைகளில் பதப்படுத்துவதும் இதே சரக்கினால்தான்.

சிமெண்டுத் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றைக்கே கலையுங்கள். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் செங்கல் வைத்து, ஒன்றரை அடிக்கு ஒன்றாக முக்கால் அங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) போட்டு, அதன்மேல் பலகை, மறுபடியும் ரீப்பர் என்று அடுக்க வேண்டும். மேல் ரீப்பர் கீழ் ரீப்பருக்கு நேர்மேலே வர வேண்டும். கொஞ்சம் தள்ளிப்போனாலும் பலகை அலையலையாகக் காயும்; தந்தை இதற்காக என் காதைத் திருகியிருக்கிறார்.

இழைப்புளி சொன்ன விரிவுக் கணக்கைக் கண்ணால் காண விரும்பினால் ஊர் வீட்டு வாசற்கதவைப் பாருங்கள். சட்டங்களுக்கு நடுவே இருக்கும் பலகைகளை எந்த ஆசாரியும் ஒட்டியிருக்க மாட்டார். அவை காடிக்குள் சும்மா செருகி நிற்கும். மழைக்காலத்தில் பெயின்ட் அடித்த கதவாக இருந்தால், சித்திரை வெயிலில் பலகையின் ஓரத்தில் பெயின்ட் படாத மெல்லிய கோடு ஒன்று நெடுக ஓடும். அது பலகை உள்வாங்கிய அளவு. ஐப்பசியில் அது மறுபடியும் மறைந்துவிடும்.

ஞாயிறுதச்சர்:

மேலே இருவரும் சொன்னவற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் நண்பர் போகிறபோக்கில் கடைசி வரியில் எழுதியதை யாரும் கண்டுகொள்ளவில்லை. தயவுசெய்து அந்தப் பிளேடைக் கிரைண்டரிலிருந்து இன்றே கழற்றிவிடுங்கள்.

ஆங்கிள் கிரைண்டர் இரும்பைத் தேய்க்கவும் ஓடு வெட்டவும் ஏற்பட்ட கருவி. நான்கு அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுகளுக்குமேல் சுழலும். பல் வைத்த பிளேடு அந்த வேகத்தில் ஒரு கணுவையோ, அறுத்த இடைவெளி நெருங்கி வருவதையோ சந்தித்தால், கருவி முழுவதும் கையை உதறிக்கொண்டு திரும்பி வரும். சர்க்குலர் சா எனப்படும் வட்ட ரம்பத்தில் கருவி மரத்தின்மேல் தட்டையாக உட்கார ஒரு தட்டு உண்டு, பிளேடை மூடும் காப்பு உண்டு. கிரைண்டரில் தட்டு கிடையாது, உள்ள காப்பையும் பிளேடு பெரிதாக இருக்கிறது என்று கழற்றிவிடுகிறோம். நான்காண்டுகளுக்கு முன் நானும் அதைத்தான் செய்தேன். வேகாத வெயிலில், இன்னும் இரண்டே அங்குலம்தானே என்று அவசரப்பட்டேன். இடது கட்டைவிரலின் அடியில் ஆறு தையல். இன்றைக்கும் குளிர்காலத்தில் அந்த விரல் சட்டைப்பொத்தானைச் சரியாகப் பிடிக்காது. உங்களிடம் இருக்கும் சரக்கு ஆறு பலகைதான். மில்லிலேயே சொல்லி அகலத்துக்குக் கிழித்து வாங்குங்கள், அல்லது நல்ல கைரம்பம் ஒன்று வாங்குங்கள். தூசைப் பற்றியும் ஒரு சொல்: மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் 1995 முதல் இருக்கிறது. உப்புத்தாள் தேய்க்கும்போது என்-95 முகக்கவசம் இல்லாமல் உட்காராதீர்கள்.

இன்னொன்று. மேற்பலகைக்குத் திடமரம்தான் வேண்டும் என்று ஏன் பிடிவாதம்? பிளைவுட்டில் தாள்தாளான மரம் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் இந்த விரிவுச் சிக்கல் இல்லை என்றே சொல்லிவிடலாம். ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தரமுத்திரையுள்ள பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும்) ரகம் வீட்டுக்குள் தாராளமாகப் போதும், ஐ.எஸ். 710 மரைன் ரகம் தண்ணீர் புழங்கும் இடத்துக்குத்தான் தேவை, படிப்பு மேசைக்கு அது வீண்செலவு. எட்டுக்கு நான்கடி தாள் ஒன்றில் இப்படி நான்கு மேற்பலகைகள் வரும். ஓரத்தைச் சுற்றி உங்கள் வேம்பிலேயே அரை அங்குல பீடிங் (விளிம்பை மறைக்கும் மரப்பட்டி) ஒட்டினால் யாருக்கும் தெரியாது.

இழைப்புளி:

கிரைண்டரை நான் கவனிக்காமல் விட்டது பிழைதான். ஞாயிறுதச்சர் சொன்னதை வழிமொழிகிறேன். பிளைவுட்டைப் பற்றிச் சொன்னதும் உண்மை, ஆனால் அந்த மரத்தை விற்க ஓர் அம்மா சம்மதிக்கவில்லை என்பதையும் நாம் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மொட்டைமாடிப்பட்டறை:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. இரண்டு மாதம் கழித்து வருகிறேன்.

ஊரிலிருந்து வெட்டிக்கொண்டுவந்த குறுக்குத்துண்டு 248 கிராம் இருந்தது. ஓவனிலிருந்து எடுத்தபோது 212. அதாவது 17 சதவீதம். பிளந்த மேற்பலகையை வெட்டியபோது கிடைத்த துண்டையும் நிறுத்தேன்: 143 கிராம், உலர்ந்த பின் 130, ஆக 10 சதவீதம். இழைப்புளி பார்க்காமலே சொன்ன கணக்கு இவ்வளவு நெருங்கி வந்ததில் எனக்குச் சற்று வெட்கம்கூட.

இஸ்திரிப்பெட்டி வைத்தியம் மூன்று பக்கம் பலித்தது. நான்காம் பக்கத்தில் பொறுமையிழந்து நெம்பியதில் சட்டத்தின் மேல்விளிம்பிலிருந்து ஒரு சிலாம்பு பிய்ந்துவிட்டது. ஒட்டிவிட்டேன், பின்புறம் என்பதால் தெரியாது. உளுத்த வெள்ளையைக் கைரம்பத்தால் முழு நீளத்துக்கும் கிழித்து எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆயிற்று. மேசையின் அகலம் இப்போது இருபத்திரண்டே கால் அங்குலம். எல் வடிவத் துண்டுகள் எட்டு செதுக்கினேன். முதல் மூன்றில் நாக்கு நாரின் போக்குக்குக் குறுக்காக அமைந்துவிட்டதால் ஸ்க்ரூவை முறுக்கியதும் ஒடிந்தன. நார் நாக்கின் நீளத்தில் ஓடும்படி மறுபடி வெட்டியபின் நிற்கின்றன. யாராவது செய்வதாக இருந்தால் இதைக் கவனிக்கவும்.

ஊர்க் கதவையும் பார்த்தேன். பச்சைப் பெயின்டுக்குப் பக்கத்தில், தீக்குச்சியின் கனத்துக்கு, கறுத்த பழைய மரம் தெரிந்தது. அம்மாவிடம் காட்டினேன், முப்பது வருடமாகப் பெயின்ட்காரன் சரியாக அடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

ஆறு பலகைகளையும் திருச்சிக்கே கொண்டுவந்து, வரவேற்பறைச் சுவரோரம் ரீப்பர் போட்டு அடுக்கியிருக்கிறேன். வீட்டில் இதற்கு வரவேற்பு இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் மேலே இருக்கும் பலகையை மகள் தராசில் வைத்து எடையைப் பென்சிலால் அதன்மேலேயே எழுதுகிறாள். முதல் வாரம் 4,860 கிராம். கடந்த மூன்று வாரமாக 4,655-க்கும் 4,660-க்கும் நடுவிலேயே நிற்கிறது. அதாவது ஈரம் 12 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. பலகைகளை மில்லில் கொடுத்து அகலத்துக்குக் கிழித்து வாங்கியதும் புத்தக அலமாரியைத் தொடங்கப் போகிறேன். அதன் முதுகுப்பலகையை ஒட்டாமல் காடியில் செருகப் போகிறேன். காடியின் ஆழம் முக்கால் அங்குலக் கனமுள்ள பக்கப்பலகைக்குக் கால் அங்குலம் போதுமா என்று கொட்டாப்புளி அண்ணன் சொன்னால் நல்லது.

கொட்டாப்புளி:

போதும். காடியின் அடியில் கொஞ்சம் இடம் விட்டுச் செருகுங்கள். காடிக்குள் இருக்கும் விளிம்புக்கும் செருகுவதற்கு முன்பே வார்னிஷ் அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த சித்திரையில் உங்கள் அம்மா பெயின்ட்காரனைத் திட்டியதுபோல உங்களையும் திட்டுவார்.